பஸ்னா ஓதிய தண்ணீர்

எங்கள் ஆஸ்பத்திரியில் பரவிய கிருமியைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. எங்கள் டொக்டர் துசாந்தினியும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து பதினாறு பக்கம் எழுதியிருக்கிறார்கள். படம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில், "ஒக்சிசனை ஈரப்படுத்தும் போத்தல்களில் ஊழியர் ஒருவர் வெளித்தண்ணீர் சேர்த்து வந்தமை கண்டறியப்பட்டது" என்று ஒரு வரியும் இருக்கிறது. ஊழியர் ஒருவராம்! அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெயரைப் போடாமல் விட்டது அவருடைய நன்மைக்குத்தான், தெரியும். என்றாலும் அந்த மனிதனுக்கு ஒரு பெயர் உண்டு. அஸ்ஹர். அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். பஸ்னா. "எழுதுங்க சேர். நான் மறைச்சு என்னத்தச் செய்யப்போறன்" என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் சுஜிந்தன். கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். நோயாளியின் சளியையும் இரத்தத்தையும் தட்டில் பூசி, என்ன கிருமி முளைக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது என் வேலை. சிடுமூஞ்சி என்று எனக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். காலையில் தேத்தண்ணி குடிக்க முன்னம் என்னோடு யாரும் கதைக்க வரமாட்டார்கள், அஸ்ஹரைத் தவிர.

அவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் சிற்றூழியர். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டரைக்கே வந்து நிற்பார்.

"என்ன சேர், குசினி திறந்தாச்சா? இண்டைக்கு என்ன கறி?"

"நீங்க கொண்டந்த சளிக் கறிதான். வெச்சிட்டுப் போங்க, காணும்."

"உப்பப் பார்த்துப் போடுங்க" என்று சிரித்துக்கொண்டு போவார். இந்த ஒரே பகிடியை அவர் பத்து வருஷம் சொன்னார். பத்து வருஷமும் நான் முறைத்தேன். இப்போது அவர் பெட்டியை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார். நான்தான் கதவைப் பார்த்தபடி நிற்கிறேன்.

அஸ்ஹர் ஒலுவிலில் பிறந்தவர். வாப்பா கரைவலைக்காரர். வலை இழுத்த கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்த காலத்தில் அஸ்ஹருக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. கல்முனைக்குடியில் பஸ்னாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடி போனார். பத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளை இல்லை. ஆராவது அதைக் கிண்டினால், "எனக்கு அவள் புள்ள, அவளுக்கு நான் புள்ள. வீட்டுல ரெண்டு புள்ள இரிக்கி, இன்னும் எத்தின வேணும்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய பிரிவில் எட்டுக் கட்டில். நர்ஸ்மார் "நாலாம் நம்பர்" என்றால், "நாலு இல்ல மிஸ், இறக்காமத்து ஜெமீல் காக்கா. வயலுக்க யானை தூக்கி அடிச்ச ஆள்" என்று திருத்துவார். நினைவில்லாமல் கிடக்கிறவரிடமும் பேரைச் சொல்லித்தான் கதைப்பார். போர்வை மாற்ற ஆளைத் திருப்பும்போது, "கொஞ்சம் கிறுகிப் படுங்க காக்கா, இந்தா முடிஞ்சிது" என்பார். கேட்கிற காது அங்கே இருந்ததோ இல்லையோ, அவர் விடமாட்டார்.

தண்ணீர்க் கதை கொரோனா காலத்தில் தொடங்கியது. எங்கள் ஊர்களில் நோயாளியைப் பார்க்கப் போகாமல் இருப்பது பெரிய குறை. ஒரு ஆள் படுத்தால் தெருவே வரும். கொரோனாவில் வாசலைப் பூட்டியதும், சனம் கேற்றடியில் நின்று தவித்தது. உள்ளே போக முடியாத கைகளெல்லாம் போத்தலை நீட்டின. குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதி ஊதின தண்ணீர். அஸ்ஹர் அவற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். ஆனால் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடக்கிறவனுக்கு எப்படிக் குடிக்கக் கொடுப்பது?

ஒக்சிசன் குழாயின் தொடக்கத்தில், சுவரில் ஒரு சிறிய போத்தல் தொங்கும். அதற்குள் காய்ச்சி வடித்த வடிநீர் இருக்கும். காற்று அந்தத் தண்ணீரில் குமிழி விட்டு, ஈரமாகி, பிறகுதான் நோயாளியின் நெஞ்சுக்குள் போகும். மூச்சு மெஷினிலும் அப்படி ஒரு தண்ணீர்க் கிண்ணம் உண்டு. அஸ்ஹர் அதைப் பார்த்தார். வாயால் குடிக்க ஏலாதவன் மூச்சால் குடிக்கட்டும் என்று நினைத்தார். ஓதின தண்ணீரில் ஒரு மூடி எடுத்து, பிஸ்மி சொல்லி, அந்தப் போத்தலுக்குள் ஊற்றினார்.

நர்ஸ்மார் கண்டார்கள். தண்ணிதானே, ஒரு மூடிதானே என்று விட்டார்கள்.

கொரோனா முடிந்தது, பழக்கம் முடியவில்லை. பஸ்னாதான் அதை வளர்த்தாள். "எல்லாருக்கும் ஓதித் தர ஆள் இரிக்கா? ஆருமில்லாத ஆக்களுக்கு நான் ஓதித் தாறன், கொண்டு போங்க" என்றாளாம். வெள்ளிக்கிழமை விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஒரு குடுவைத் தண்ணீரை முன்னே வைத்து, யாஸீன் முழுவதும் ஓதி, மூன்று தரம் ஊதிக் கொடுப்பாள். பெயர் தெரியாத எட்டுப் பேருக்காக. நான் அவளை அந்தக் காலத்தில் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். மெலிந்த, கையை வீசிக் கதைக்கிற பெண்.

அந்தத் தண்ணீரை அஸ்ஹர் ஒரு ஐந்து லீற்றர் கேனுக்குள் ஊற்றி, பிரிவின் கழுவும் அறையில் சிங்குக்குக் கீழே வைத்திருந்தார். கேனை அவர் ஒருநாளும் அடிவரை வெறுமையாக்கவில்லை. முதன்முதலில் ஒரு ஹாஜியார் கொடுத்த மக்காவின் புனித ஸம்ஸம் நீர் அதற்குள் இருந்தது. அடியில் நாலு விரலளவு மிச்சம் விட்டு, அதன் மேல்தான் புதியதை ஊற்றுவார். பழசு புதுசோடு கலந்தால் பரக்கத்து, அந்த அருள், முறியாது என்று நம்பிக்கை. ஸம்ஸம் போத்தலை அப்படிப் பெருக்கி வைக்காத வீடு இந்தக் கரையில் எத்தனை இருக்கிறது? நாலு வருஷம் அந்தக் கேன் காயவேயில்லை. மேலே சிங்கின் அழுக்குக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

போன வருஷத்துக்கு முதல் வருஷம் எனக்குப் பச்சைத் தட்டுகள் வரத் தொடங்கின. சூடோமோனாஸ் என்று அந்தக் கிருமிக்குப் பெயர். ஈரம் இருந்தால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். நலிந்தவனின் நெஞ்சுக்குள் இறங்கினால் சளிக்காய்ச்சலாகி ஆளை விழுங்கும். தட்டில் அது பச்சையாகப் படரும். மணமோ, திராட்சை என்கிற முந்திரிகைப் பழத்தின் மணம். அஸ்ஹர் ஒரு நாள் மூக்கை நீட்டி, "சேர், ஆர் முந்திரிகைப் பழம் கொண்டந்த?" என்று கேட்டார். நான் தட்டைக் காட்டினேன். "யா அல்லாஹ், இவ்வளவு நல்ல மணமா இதுக்கு?" என்று இரண்டு அடி பின்னால் போனார்.

வழமையாக, தட்டில் வைக்கும் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வெற்று வட்டம் விழும். இதற்கு விழவில்லை. வில்லைக்கு மேலேயே ஏறி வளர்ந்தது. பெரிய மருந்து என்று பூட்டி வைத்திருந்ததற்கும் அசையவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு மருந்து, அதுவும் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது. பதினாலு மாதத்தில் பதினாறு பேரைப் பிடித்தது, எட்டுப் பேர் போனார்கள்.

டொக்டர் துசாந்தினி ஆராய்ச்சியைத் தொடங்கினார். கிருமி எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுவிட்டொரு செவ்வாய், பிரிவு முழுவதும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்போம். கட்டில் கம்பி, கதவுப் பிடி, சிங்க், போத்தல், நர்ஸ்மாரின் கை. மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர் என்று எனக்குத் துணையாக அஸ்ஹரைத் தந்தார்கள். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பஸ்னாட்டச் சொன்னன் சேர், நானும் ஆராய்ச்சி செய்யிறன் எண்டு. சிரிக்கிறாள்" என்றார்.

இங்கேதான் நடந்தது அந்தப் பிழை. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நாங்கள் என்ன செய்வோம்? கூட்டுவோம், கழுவுவோம், அலுமாரியில் கிடக்கிற நல்ல கோப்பையை எடுப்போம். அஸ்ஹரும் அதைத்தான் செய்தார். திங்கட்கிழமை பின்னேரமே குமிழிப் போத்தல்களை எல்லாம் கழற்றி, கொதிதண்ணீரில் கழுவி, புதிய வடிநீர் ஊற்றி மாட்டிவிடுவார். ஓதின தண்ணீரை ஆராய்ச்சிக்காரர் போன பிறகுதான் போடுவார். மறைக்க அல்ல. ஆக்கள் வரும்போது இடம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தடவிய குச்சியிலெல்லாம் ஒன்றும் முளைக்கவில்லை.

போத்தல்கள் பளிச்சென்று இருந்ததை நானும் கண்டேன். கண்டுவிட்டு, "பாராட்டத்தான் வேணும் அஸ்ஹர், என்ன சுத்தம்!" என்றேன். ஒருநாளும் ஆரையும் பாராட்டாத வாய். அதைத் திறந்த நேரத்தைப் பாருங்கள். ஏன் இவ்வளவு புதிதாக இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? எனக்கு இதை நினைத்தால் என் தலையை நானே சுவரில் அடிக்கலாம் போல் இருக்கிறது.

மார்கழி மழையில் பஸ்னாவுக்கு முட்டு வருத்தம் கூடியது. சின்ன வயதிலிருந்தே இருந்த மூச்சுத்திணறல். இந்த முறை வீட்டு மருந்துக்கு அடங்கவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. அஸ்ஹர் ஓட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய பிரிவிலேயே மூன்றாம் கட்டில் கிடைத்தது. அவர் லீவு போட்டுவிட்டு கட்டிலடியில் குந்திவிட்டார்.

இரண்டாம் நாள் நான் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய், ஆனால் கண்ணில் தெளிவு வந்திருந்தது. சுவரில் குமிழி விடுகிற போத்தலைக் காட்டி, "இதுதானா ஒங்கட போத்தல்?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஓம், இதுதான்."

"ஊருக்கெல்லாம் போட்டீங்க, எனக்கில்லையா? நான் ஓதினதுதானே, எனக்கும் ஒரு மூடி போடுங்களன்." என்னைப் பார்த்து, "பாருங்க சேர், வீட்டு ஆளுக்குத்தான் கடைசி" என்றாள்.

அஸ்ஹர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு கழுவும் அறைக்குப் போனார். மூடியோடு திரும்பி வந்தார். நான் அப்போது வெளியே வந்துவிட்டேன். அவர்கள் ஏதோ குடும்பப் பகிடி கதைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என்ன போத்தல், என்ன மூடி என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கிருமி பார்க்கிறேனாம்!

மூன்றாம் நாள், நாளைக்குச் சாதாரண வார்ட்டுக்கு மாற்றலாம் என்று டொக்டர் சொன்னார். பஸ்னா, வீட்டுக் கோழிகளுக்கு ஆர் தீன் வைக்கிற என்று கேட்டிருக்கிறாள். நாலாம் நாள் விடியக் காய்ச்சல் ஏறியது. பின்னேரம் மூச்சு மெஷினில் போட்டார்கள். சளி என்னிடம் வந்தது.

மறுநாள் தட்டைத் திறந்தேன். முந்திரிகைப் பழம் மணந்தது.

அந்தக் கிழமை செவ்வாய் வந்தது. இந்த முறை அஸ்ஹர் லீவு. முதல் நாள் ஒருவரும் போத்தல் கழுவவில்லை. நான் தனியே போய்த் தடவி எடுத்து வந்தேன். வியாழன் காலையில் பார்த்தால், எட்டுப் போத்தலில் ஆறு பச்சை. நேரே பிரிவுக்குப் போய், இந்தப் போத்தல்களுக்கு வேறு என்ன தண்ணீர் போகிறது என்று கத்தினேன். நர்ஸ் விதுசா பயந்துபோனாள்.

"வடிநீர்தான் சேர். மறுகா... அஸ்ஹர் காக்காட ஓதின தண்ணி. சிங்குக்குக் கீழ இருக்கு."

குனிந்து கேனை இழுத்தேன். அதன் வாய்க்குள் விரலை விட்டபோது வழுவழுவென்று இருந்தது. அப்படியே மூன்றாம் கட்டிலுக்கு ஓடினேன். அஸ்ஹர் மெஷினின் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றார். கையில் மூடி. உதடு ஓதிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். தண்ணீர் அவருடைய சாரத்தில் சிந்தியது.

"என்ன சேர்? என்ன?"

"இனிப் போடாதீங்க."

"ஏன் சேர்? அவளுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்கிது. ஒரு மூடி போட்டா..."

"புது ரூல் வந்திரிக்கு. ஒண்டும் போடப்படாதாம்" என்று பொய் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார். ஆஸ்பத்திரி ரூலை மீறிப் பழக்கமில்லாத மனிதன். மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்னாவின் காதடியில் குனிந்து, வாயாலேயே ஓதத் தொடங்கினார்.

கிண்ணத்தை மாற்றினோம், குழாயை மாற்றினோம், கடைசி மருந்தையும் ஏற்றினோம். சனிக்கிழமை நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்கிற நேரம் அவள் போய்விட்டாள். நாற்பத்தொரு வயது. மெஷினை நிறுத்தியபிறகும் அஸ்ஹர் அவளிடம், "கொஞ்சம் கிறுகிப் படுங்க புள்ள, இந்தா முடிஞ்சிது" என்று சொல்லிக்கொண்டே போர்வையைச் சரிசெய்தார். விதுசா வெளியே ஓடிப்போய் அழுதாள். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்.

பஸ்னாவின் மையித்தைக் குளிப்பாட்டப் பெண்களுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது அவர்தான் என்று கேள்விப்பட்டேன். ஆரையும் அள்ள விடவில்லையாம்.

பதினோராம் நாள் வேலைக்கு வந்தார். பகிடி இல்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"சேர், கழுவுற அறையில என்ட கேனக் காணல்ல. நீங்க எடுத்த எண்டு விதுசா மிஸ் சொல்றா. அதில அவள் கடைசியா ஓதின தண்ணி இரிக்கி. தாங்களன், வீட்ட கொண்டு போகப்போறன்."

கேனை நான் எரிக்கக் கொடுத்திருந்தேன். தண்ணீரைக் கிருமி கொல்லும் கொதிகலனில் போட்டு அழித்திருந்தேன். என்ன பொய் சொல்வது என்று யோசித்தேன். சிங்கில் பழி போடலாம், மழையில் போடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் பொய் சொல்ல வரவில்லை. குளிர்பெட்டியைத் திறந்தேன். கொழும்புக்கு அனுப்ப வைத்திருந்த இரண்டு தட்டுகளை எடுத்தேன். ஒன்று பஸ்னாவின் சளி, மற்றது கேன். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

தட்டில் எழுதியிருந்த பேரை வாசிக்கத் தெரிந்தவர் அவர். இருந்தும் வாசிக்கவில்லை. குனிந்தார். முதல் தட்டிலிருந்து மணம் வந்தது. இரண்டாம் தட்டிலிருந்தும் வந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ட தண்ணியா சேர்?"

"தண்ணி இல்ல அஸ்ஹர், கேன். காயாத கேன். சிங்கின்ட ஊத்தை சொட்டி, உள்ளுக்குப் பாசி பிடிச்சு, நீங்க அடியில மிச்சம் விட விட அதுவும் அங்க இருந்து பெருகியிரிக்கு."

"மிச்சம் விட்டது நான்தானே."

"சுத்தம் எண்டு பாராட்டினது நான்."

அதை அவர் காதில் போடவில்லை. "அவள் ஓதினதில பிழை இல்லையே?"

"ஒரு துளியும் இல்ல. அல்லாஹ்வாணை இல்ல" என்றேன். நான் சத்தியம் செய்ய வேண்டிய சாமி அதுவல்ல, ஆனால் அவருக்கு அது போதும்.

பிறகு அவர் பேர் சொல்லத் தொடங்கினார். ஜெமீல் காக்கா. மருதமுனை சல்மா உம்மா. பாண்டிருப்பு லக்சன். எட்டுப் பேரும். ஒரு கட்டில் நம்பர்கூடச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "பஸ்னா" என்று ஒன்பதாவதாகச் சொன்னார்.

இதில் எத்தனை பேர் எப்படியும் போயிருப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, எல்லாரும் ஏற்கனவே கடுமையாகக் கிடந்தவர்கள் என்றேன். உண்மைதான் அது. ஆனால் ஆறுதல் என்று சொல்லிக்கொண்டு அதை எடுத்து நீட்டக் கேவலமாக இருந்தது.

விசாரணை நடந்தது. எல்லா ஊழியருக்கும் பயிற்சி என்று முடித்தார்கள். இடம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு அஸ்ஹர் மாட்டேன் என்றார். அன்று தொடக்கம் குமிழிப் போத்தல்களை நாளாந்தம் கழற்றி, அடிவரை ஊற்றி, கழுவி, பின்பக்க வெயிலில் கவிழ்த்துக் காய வைக்கிறார். பச்சைத் தட்டு வருவது நின்றுவிட்டது. ஆராய்ச்சி வெற்றி.

இரண்டு தட்டிலும் ஒரே கிருமிதான் என்று கொழும்பிலிருந்து முடிவு வந்த கிழமை, "சேர், லக்சன்ட உம்மாட்ட மாப்புக் கேக்கப் போகோணும். ஒங்கட பைக்கில வருவீங்களா?" என்றார். லக்சன், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு வந்த இருபத்துமூன்று வயதுப் பையன். தாய் செல்லத்தங்கம், கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சனிக்கிழமை பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்து பைக்கில் ஏறினார்.

அந்தம்மாவுக்கு அஸ்ஹரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "வா மனே, வா. இரி. பொஞ்சாதியும் மோசம் போயிட்டாவாம், கேள்விப்பட்டன். நல்லதுகளத்தான் கடவுள் கொண்டுபோறான்." தேத்தண்ணி வந்தது. சுவரில் லக்சனின் படம், அதற்கு முன் சின்ன மின்குமிழ், பக்கத்தில் ஒரு சோடாப் போத்தலில் முக்கால்வாசித் தண்ணீர். செல்லத்தங்கம் அதைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"இவன் தந்த ஓதின தண்ணிதான். டொக்டர்மார், விடியிறதுக்குள்ள முடிஞ்சிரும் எண்டிட்டாங்க. நான்தான் இவன்ட காலப் பிடிச்சன், எந்தச் சாமியாவது கேக்கட்டும் மனே, உங்கட தண்ணியையும் போடு எண்டு. போட்டான். மூணு நாள் இருந்தான் என்ட புள்ள. மூணாம் நாள் என்ட விரலப் பிடிச்சவன். இவன் போட்ட தண்ணிதான் அது."

அஸ்ஹர் தேத்தண்ணியைத் தொடவில்லை. தரையில் இறங்கிக் குந்தினார். சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், கேனை, சிங்கை, மிச்சத்தை. விளங்காத இடத்தில் அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

செல்லத்தங்கம் கத்தவில்லை. மண்ணள்ளி வீசவில்லை. நான் அதற்கெல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தேன். படத்தைப் பார்த்தார்.

"போட்டது நீ. கேட்டது நான்" என்றார். பிறகு குரல் உடைந்தது. "ஏன் மனே வந்து சொன்ன? ஏன் சொன்ன? எனக்கெண்டு இருந்தது அந்த மூணு நாள்தானே. தெரியாமலே செத்திருப்பனே நான்."

எழுந்து போய்ப் போத்தலை எடுத்து அவர் மடியில் வைத்தார். "கொண்டு போ. இனி இத நான் எப்படிப் பாக்கிற?"

வெளியே வந்து பைக்கடியில் நின்றோம். மாப்புக் கிடைத்ததா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. "மத்த வீடுகளுக்கும் போகோணுமா சேர்?" என்றார். "போகாதீங்க" என்றேன். சரியோ பிழையோ, அது என் தலையில் இருக்கட்டும். அவர் இரண்டு கையாலும் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். பஸ்னா ஓதியதில் உலகத்தில் மிஞ்சியிருந்தது அதுதான்.

"அஸ்ஹர், அதையும் அழிக்கோணும்" என்று வழியில் சொன்னேன். கல்முனைச் சந்தி தாண்டிய பிறகு, "தெரியும் சேர்" என்றார்.

ஆய்வுகூடத்தைத் திறந்தேன். தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, கொதிகலனில் வைத்து மூடினேன். நூற்று இருபத்தொரு பாகை, பதினைந்து நிமிஷம். அவர் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றார். சூடு ஏறி, இறங்கி, மணி அடிக்கும்வரை அசையவில்லை. வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். தெளிந்த தண்ணீர். ஒரு மணமும் இல்லை.

"இப்ப இதில உசிரோட ஒண்டும் இல்லையா சேர்?"

"ஒண்டும் இல்ல."

"அப்ப அவள் ஓதினது?"

"அதப் பாக்கிறதுக்கு என்னட்டத் தட்டு இல்ல அஸ்ஹர்" என்றேன்.

அவர் ஆறும்வரை காத்திருந்தார். ஆய்வுகூடத்தில் ஆரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது நான் இருபத்திரண்டு வருஷமாக ஆளாளுக்கு ஏசிக் காப்பாற்றிய சட்டம். அன்று நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். மிடறு மிடறாகக் குடித்தார், நடுவில் விம்மல் வந்தபோது நிறுத்தி, மறுபடியும் குடித்தார்.

திரும்பிப் பார்த்தபோது போத்தலை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.